பின்வரிசைக் குரல்

வியாழக்கிழமை சினிமாவில் பின்சீட்டுக்காரன் பண்ணிய அக்கிரமம் லோட்டிக்கு இன்னும் ஆறவில்லை. படம் முழுக்கப் பெண்டாட்டிக்குக் கதை சொல்லிக்கொண்டே வந்தவன், "அந்த டாக்டர்தான் கொலைகாரன், பாரேன்" என்று போட்டு உடைத்துவிட்டான். அவன் சொன்னபடியே ஆனது.

இன்று அவள் தங்கை மகன் அஷேருக்குப் பதிமூன்று வயதுச் சடங்கு. புரூக்ளின் யூத ஜெபக்கூடத்தில் பையன் தோரா வேதத்தை வாசிக்க ஆரம்பித்ததும், பின்னாலிருந்து அதே குரல்!

"இப்ப தடுமாறுவான் பாரு." பையன் தடுமாறினான்.

"இப்ப அவங்கம்மா அழுவா பாரு." தங்கை மூக்கை உறிஞ்சினாள்.

லோட்டி திரும்பிச் சீறினாள். "யோவ், வாயை மூடித் தொலையேன்யா!"

"உஷ்! இது ஜெபக்கூடம்மா, மரியாதையா உக்காருங்க."

அவளுக்கு ரத்தம் கொதித்தது. வாசிப்பு முடிந்ததும், வழக்கப்படி எல்லோரும் வாழ்த்திக்கொண்டே பையன்மேல் மிட்டாய் வீசினார்கள். லோட்டி மட்டும் பின்பக்கம் திரும்பி, கையிலிருந்த அத்தனை மிட்டாயையும் ஓங்கி விட்டெறிந்தாள். ஒன்று அவன் மூக்கிலேயே பட்டது.

மூக்கைத் தடவிக்கொண்டே அவன் பெண்டாட்டி பக்கம் குனிந்தான்.

"நான் அப்பவே சொன்னேன்ல, இந்தம்மா நம்ம மேலதான் எறியும்னு!"