டாக்டர் பிரகதியின் முதல் நோயாளி

அப்பாவின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் பதிந்திருக்கிறது, சட்டையின் மேல் பொத்தான்கள் மூன்றும் திறந்து கிடக்கின்றன, வெல்டிங் பொறி தெறித்த பழைய தழும்புகளுக்கு நடுவே அந்தத் தகட்டை நகர்த்தி நகர்த்தி வைக்கிறாள் பிரகதி, எங்கே வைத்தாலும் துடிப்பு கேட்கவில்லை, நானூறு பேர் சேர்ந்து நான் டாக்டர், நான் டாக்டர் என்று முணுமுணுப்பதுதான் கேட்கிறது, அது நீட் பயிற்சி விடுதியின் அதிகாலை, ஆளுயரக் கண்ணாடிகள் வரிசையாக நின்ற கூடம், கண்ணாடிக்கு வெளியே நானூறு பேர், உள்ளே நானூறு பேர், உள்ளே இருப்பவர்களின் உதடுகள் மட்டும் அரை நொடி முந்தி அசையும், மூன்று வருடமாக அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் மனஉறுதி போதவில்லை என்று வீட்டுக்குக் கடிதம் போட்டுவிடுவார்கள்.

ஜீவரேகா நீட் அகாடமியில் சேர்ந்த அன்றே எல்லோரும் டாக்டர்தான், தேர்வு என்பது அதை அரசாங்கத்துக்குத் தெரிவிக்கிற சம்பிரதாயம், அவ்வளவுதான் என்பார் இயக்குநர் அறவாழி, அவருடைய டாக்டர் பட்டமே ஏதோ ஒரு தீவிலிருந்து தபாலில் வந்தது, சேர்க்கைப் படிவத்தோடு வெள்ளைக் கோட்டும் ஸ்டெதாஸ்கோப்பும் கொடுத்து நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள், வருகைப் பதிவில் டாக்டர் பிரகதி, சாப்பாட்டு வரிசையில் டாக்டருக்கு இன்னொரு இட்லி, வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர் அன்று முழுக்க நின்றுகொண்டே படிக்க வேண்டும், மூன்று முறை எழுதி மூன்று முறையும் தவறிய பிரகதிக்கு அங்கே சீனியர் டாக்டர் என்று மரியாதை.

அந்தக் கோட்டுப் படம் சுவரில் ஏறிய நாளிலிருந்து அப்பா அவளை நீ என்பதில்லை, லாரி பட்டறையில் யார் இருமினாலும் பாப்பா லீவுக்கு வரட்டும், காட்டிக்கலாம் என்பாராம், அவள் லீவுக்கு வந்திருக்கும் இன்று காலை ஆறு மணிக்கு இடது தோளில் தொடங்கிய வலி தாடைக்கு ஏறியபோது அம்மா ஆஸ்பத்திரிக்கு எந்திரிங்க என்று கெஞ்சினாள், அவர் அசையவில்லை, டாக்டர ஊட்ல வெச்சுக்கிட்டு எவன்கிட்டயோ போயி நிக்கறதா, அவங்க பாக்கட்டும், என்றார், இப்போது அவளை அண்ணாந்து பார்த்து, என்னன்னு சொல்லுங்க சாமி, என்கிறார்.

தெரியலப்பா என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது, அதற்குள் அறவாழி அவள் தோளுக்குப் பின்னால் நிற்கிறார், தெரியாதுன்னு ஒரு ஆப்ஷன் கேள்வித்தாள்ல கெடையாது டாக்டர், ஏதாச்சும் ஒண்ணக் கருப்பாக்குங்க, என்கிறார், அப்பாவின் நெஞ்சுத் தழும்புகள் விடைத்தாளின் நான்கு வட்டங்களாக வரிசைப்படுகின்றன, இந்தக் கேள்வி மாதிரித் தேர்வில் வந்ததுதான், மாரடைப்பு என்று குறித்து முழு மதிப்பெண் வாங்கியவள்தான், ஆனால் இங்கே அதைக் குறித்தால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்றால் நிஜ டாக்டர், நிஜ டாக்டர் அவளைப் பார்த்து எந்தக் காலேஜ் என்று கேட்பார், அவள் விரல் பக்கத்து வட்டத்துக்கு நகர்கிறது, வாயுதாம்ப்பா, சீரகத் தண்ணி குடிங்க, என்கிறாள், அப்பா சிரிக்கிறார், எட்டிப்பார்த்த பக்கத்து வீட்டு வள்ளியக்கா, பாரு, தொட்டதும் கண்டுபுடிச்சிருச்சு, என்கிறாள்.

ஒன்பது மணிக்கு அப்பா சீரகத் தண்ணீரை அப்படியே வாந்தி எடுத்தார், வியர்வையில் சட்டை நனைந்து ஒட்டியது, உதடு நீலம் பாரித்தது, வள்ளியக்காவின் மகனுடைய ஆட்டோவில் போகும் வழியெல்லாம் அவரைத் தாங்கிப் பிடித்திருந்தவளுக்கு நானூறு குரல்களும் அவர் முதுகுக்குள்ளிருந்து கேட்டன, இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பாவின் நெஞ்சில் இன்னொருவருடைய ஸ்டெதாஸ்கோப் பதிந்திருக்கிறது, கோட்டுகூடப் போடாத, சட்டை கசங்கிய ஒரு இளம் டாக்டர், அவர் கேட்கத் தொடங்கியதும் அந்த முணுமுணுப்பு சட்டென்று நின்றுபோகிறது, எப்ப இருந்து வலி, என்கிறார் அவர், காலைல ஆறு மணிலருந்துங்க, என்கிறாள் அம்மா, இப்ப மணி பத்து, இவ்ளோ நேரம் என்ன பண்ணீங்க, ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து அப்பா பெருமையாகச் சொல்கிறார், ஊட்லயே டாக்டர் பாத்தாங்க, இளம் டாக்டர் நிமிர்கிறார், எந்த டாக்டர்.

டாக்டர் யாரும் பாக்கலீங்க, நாந்தான் பாத்தேன், என்கிறாள் பிரகதி, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, அப்பா அவள் பக்கம் திரும்பவில்லை, கையை மட்டும் கொஞ்சம் தூக்கி இளம் டாக்டரின் மணிக்கட்டைப் பிடிக்கிறார், அது சின்னப் புள்ளைங்க, அத ஒண்ணும் கேக்காதீங்க, நீங்க என்னையப் பாருங்க.