மூன்றாம் தண்ணீர்

"அங்கேயே நில்லு! வாசப்படியில கை வைக்காத!"

சமையலறைப் பின்கதவின் கீழ்ப்பாதியை இழுத்துச் சாத்திவிட்டு, அதற்கு அப்பால் நின்று கத்தினாள் கோமதி. அவள் இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. உள்ளே அடுப்பில் நொய்க்கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.

வெளியே தங்கமணி நின்றாள். காய்ச்சலில் கண்கள் இரண்டும் சிவந்திருந்தன. நெற்றியிலும் கழுத்திலும் காலையில்தான் கொப்புளங்கள் நீர் கோத்துக் கிளம்பியிருந்தன. பீங்கான் பூசிய தன் மங்குக் கிண்ணத்தை இரண்டு கைகளாலும் பிடித்து நீட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு வாய்க் கஞ்சி போதும்மா. நேத்து மத்தியானம் சாப்பிட்டது."

"எங்கேருந்துடி வாங்கிட்டு வந்த இந்தச் சீக்க?"

எங்கிருந்து வந்தது என்று இருவருக்குமே தெரியும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் ரயில்வே குமாஸ்தாக்களுக்கான வீடுகள் வரிசையாக இருந்தன. அவற்றில் ஒன்றில் தலைமைக் குமாஸ்தா சபாபதி மனைவி கோமதியோடு குடியிருந்தார். தங்கமணி கிள்ளானுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், ஆதிதிராவிடர்களுக்கென்று தள்ளிக் கட்டிய கீழ் லயத்து வரிசைவீட்டில் பிறந்தவள். வயது பத்தொன்பது. பால்மரம் வெட்டும் குடும்பத்திலிருந்து ஆசிரியர் பயிற்சி வரை வந்துவிட்டவள். அவள் தங்க இடம் கேட்டுப் பயிற்சிப் பள்ளியின் வெள்ளைக்காரத் தலைமையாசிரியை சபாபதிக்குச் சொல்லி அனுப்பினார். வெள்ளைக்கார அம்மாளிடம் முடியாது என்று சொல்லச் சபாபதிக்கு வாய் வரவில்லை. பின்கட்டில் இருந்த விறகுக் கொட்டகையில் பாதியைத் தடுத்துக் கொடுத்தார். பின்படியில் தினமும் இரண்டு வேளைச் சோறு. அதற்குப் பதிலாக அவருடைய மகள் புஷ்பவல்லிக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒன்றரை வருஷமாக அந்த ஏற்பாடு நடந்து வந்தது. புஷ்பவல்லிக்கு அம்மை காணும்வரை தங்கமணி அந்தச் சமையலறையின் உட்புறத்தைப் பார்த்ததில்லை.

இரண்டு வாரத்துக்கு முன்பு புஷ்பவல்லிக்கு அம்மை போட்டது. பதினாறு வயதுப் பெண். கோமதிக்குச் சிறுவயதில் அம்மை வந்ததில்லை. மடியிலோ பால்குடிக் குழந்தை. மகள் படுத்திருந்த அறைப் பக்கம் போகவே பயந்தாள். அப்போதுதான் அவளுக்குத் தங்கமணியின் நினைப்பு வந்தது.

"உள்ள வா தங்கமணி. அம்மா இறங்கியிருக்கிற வீட்ல தீட்டெல்லாம் கெடையாது. நீயும் அவளுக்குப் பிள்ளைதானே."

தங்கமணி உள்ளே போனாள். பத்து நாள் அந்த அறையிலேயே கிடந்தாள். அந்த அடுப்பிலேயே கஞ்சி வைத்து ஊட்டினாள். வேப்பிலையை அரைத்துப் பூசினாள். தூக்கத்தில் புஷ்பவல்லி முகத்தைப் பிறாண்டிக்கொள்ளாமல் அவள் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தாள். அந்த முகத்தில் ஒரு தழும்பு கூட விழவில்லை என்றால் அதற்குக் காரணம் அந்தக் கைகள்தான்.

பதினோராம் நாள் புஷ்பவல்லிக்குத் தலைக்கு முதல் தண்ணீர் ஊற்றினார்கள். அன்றே வீட்டைக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். தங்கமணியைக் கொட்டகைக்குத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த நாலாம் நாள் அவள் உடம்பு கொதித்தது.

கோமதியின் கூச்சல் கேட்டுச் சபாபதி எழுந்து வந்தார். அலுவலகத்துக்குக் கிளம்பிக் கோட்டுப் போட்டிருந்தவர், பத்தடி தள்ளியே நின்றார்.

"சார், புஷ்பா பாப்பாவுக்கு வந்ததுதானே எனக்கும் வந்திருக்கு?" என்றாள் தங்கமணி.

"வாய அலம்பு! பாப்பாவுக்கு வந்தது அம்மா விளையாட்டு. உனக்கு வந்தது சீக்கு."

"அப்ப ஆஸ்பத்திரிக்காவது அனுப்பிடுங்க சார். நான் போறேன்."

சபாபதி திடுக்கிட்டார். ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் சுகாதார அதிகாரி வருவார். இந்த வீட்டில் முதலில் யாருக்கு வந்தது என்று கேட்பார். மகளுக்கு அம்மை கண்டதைச் சர்க்காருக்கு எழுதிக் கொடுக்காமல் மறைத்தது வெளியே வரும். உத்தியோகத்துக்கே உலை.

"ஆஸ்பத்திரியும் வேணாம் ஒண்ணும் வேணாம். சீக்கு இறங்குற வரைக்கும் கொட்டகையிலேயே கிட. வெள்ளிக்கிழமை பாப்பாவுக்கு மூணாம் தண்ணி. கிள்ளான்லேருந்து சம்பந்தம் பேச வராங்க. அவங்க கண்ணுல நீ பட்டுடக் கூடாது."

"கஞ்சி, சார்?"

"கொடுக்கச் சொல்றேன், போ."

அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கோமதி தானே கொண்டுபோயிருக்க மாட்டாள். தன் பாத்திரத்தில் ஊற்றினால் பாத்திரம் தீட்டு. அவள் கிண்ணத்தைக் கையில் வாங்கினால் நோய் தொற்றும். அவளே அடுப்பு மூட்டிக்கொள்ளட்டும் என்றால் கொட்டகை நிறைய விறகு, சர்க்கார் வீடு, நெருப்புப் பிடித்தால் யார் பதில் சொல்வது? ஆளுக்கொரு நியாயம் இருந்தது. ஒரு வாய்க் கஞ்சி மட்டும் இல்லை. கொட்டகையின் தாழ்ப்பாளை வெளியிலிருந்து போட்டுவிட்டுச் சபாபதி அலுவலகத்துக்குப் போனார்.

அன்று செவ்வாய்க்கிழமை. அன்றும் புதனும் தங்கமணியின் உயிரைப் பிடித்து வைத்தவள் வீரம்மா. பாத்திரம் தேய்க்க, தண்ணீர் இறைக்க வருபவள். விஷயம் தெரிந்ததும் வீட்டிலிருந்து பழைய பால்டின்னில் கஞ்சியும் இன்னொன்றில் தண்ணீரும் கொண்டுவந்து, பலகை இடுக்கு வழியே உள்ளே தள்ளினாள்.

"பசியாறு தாயி. மெதுவாக் குடி. உப்புப் போடல."

புதன்கிழமை மாலை கோமதி அதைப் பார்த்துவிட்டாள்.

"அந்த டின்னத் தொட்ட கையாலதான் என் பாத்திரத்தத் தொடுறியா? இனிமே அவகிட்டப் போனா இங்க வேலைக்கு வராத. என் குழந்தைக்கு ஏதாச்சும் ஆச்சு, உன்னச் சும்மா விடமாட்டேன்."

வீரம்மாவுக்கு நாலு பிள்ளைகள். புருஷன் தண்டவாளத்தில் கால் போய் வீட்டோடு கிடந்தான். வியாழக்கிழமை அவள் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுகை வரும் என்று முகத்தைக் குழாய்ப் பக்கமே வைத்துக்கொண்டு தேய்த்தாள். அன்று தங்கமணிக்குத் தண்ணீர் கூடக் கிடைக்கவில்லை.

உள்ளறையில் இருந்த புஷ்பவல்லிக்கு இது எதுவும் தெரியாது. தங்கமணி அக்கா எங்கே என்று அவள் கேட்டபோதெல்லாம் தோட்டத்துக்குப் போயிருக்கிறாள் என்றே தாய் சொல்லி வந்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. விடிந்ததும், முந்தின நாள் வேப்பிலை போட்டு வெயிலில் காயவைத்த தண்ணீரைப் புஷ்பவல்லியின் தலையில் ஊற்றினார்கள். மஞ்சள் சேலை கட்டி, வேப்பிலை மாலை போட்டுப் பலகையில் உட்கார வைத்தார்கள். முன்வாசலில் பெரிய அண்டா நிறையக் கேழ்வரகுக் கூழ். அம்மனுக்குப் படைத்துவிட்டுத் தெருவுக்கெல்லாம் ஊற்ற வேண்டும். வரிசை வீட்டுக்காரர்கள் எல்லாரும் சொம்பும் வாளியுமாக வந்துவிட்டார்கள். கிள்ளானிலிருந்து காலை ரயிலில் சீதாலெட்சுமி அம்மாள் வந்திறங்கினாள். தன் மகனுக்கு இந்தப் பெண்ணைக் கேட்டிருந்தவள். வந்ததும் புஷ்பவல்லியின் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, இந்தக் கன்னம் அந்தக் கன்னம் என்று பார்த்தாள்.

"தழும்பு இல்ல. அம்மா நல்லா பாத்துக்கிட்டா," என்றாள்.

அந்த நேரம் வீரம்மா வெற்றிலைத் தட்டு வைக்க அறைக்குள் வந்தாள். சீதாலெட்சுமி வெளியே போனதும் புஷ்பவல்லி கேட்டாள்:

"வீரம்மாக்கா, தங்கமணியக்கா தோட்டத்திலேருந்து எப்ப வரும்?"

வீரம்மா தட்டைக் கீழே வைத்தாள். இரண்டு நாளாக அடக்கி வைத்தது உடைந்தது.

"எந்தத் தோட்டம் பாப்பா? விறகுக் கொட்டகையில கெடக்குது. உன்கிட்டேருந்து ஒட்டுனதுதான். கஞ்சி ஊத்த ஆளில்ல. நான் ஊத்துனேன், வேண்டாமுன்னுட்டாங்க. நேத்துலேருந்து முனகல் கூடக் கேக்கல."

புஷ்பவல்லி எழுந்தாள்.

முன்வாசலில் சபாபதி கற்பூரம் காட்டி முடித்திருந்தார். முதல் கூழைப் புஷ்பவல்லி வாய் வைத்த பிறகுதான் மற்றவர்களுக்கு. கோமதி ஒரு பித்தளைச் செம்பு நிறைய மொண்டு மகள் கையில் கொடுத்தாள். புஷ்பவல்லி அதை வாங்கிக்கொண்டு திரும்பி உள்ளே நடந்தாள். கூடத்தைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, பின்கதவைத் திறந்துகொண்டு போனாள்.

"எங்கடி போற? புஷ்பா!"

கோமதி ஓடிவந்தாள். என்னவோ ஏதோ என்று கூட்டமும் பின்னால் வந்தது. புஷ்பவல்லி கொட்டகைத் தாழ்ப்பாளைத் தட்டித் திறந்தாள்.

சாக்கின் மேல் தங்கமணி சுருண்டு கிடந்தாள். உதடு வெடித்து இரத்தம் காய்ந்திருந்தது. தலைமாட்டில் காலி டின்கள் இரண்டு. புஷ்பவல்லி அவள் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்து, கூழை விரலால் தொட்டு உதட்டை நனைத்தாள். தங்கமணி கண்ணைத் திறந்தாள். செம்பை உதட்டில் வைத்ததும் ஒரு மிடறு உள்ளே போயிற்று. அடுத்த மிடறு இறங்க வெகுநேரம் ஆனது. மூன்றாவதைப் புஷ்பவல்லி தானே அதே செம்பில் வாய் வைத்துக் குடித்தாள்.

வாசலில் நின்ற கூட்டம் மூச்சை இழுத்தது.

"அய்யோ, எச்சில்!" என்றாள் ஒருத்தி. "அது யாரு, கீழ் லயத்துப் பொண்ணுல்ல?" என்றது இன்னொரு குரல். சீதாலெட்சுமியின் முகம் கறுத்தது.

சபாபதி ஒரு கணம்தான் திகைத்தார். ரயில்வேயில் இருபது வருஷம் சாக்குச் சொல்லித் தேர்ந்தவர். இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார்.

"அம்மா இறங்கிட்டா! என் பொண்ணு இல்ல இது, அம்மாதான்! யாரும் கிட்டப் போவாதீங்க! ஏய் கோமதி, கற்பூரம் கொண்டா!"

கூட்டம் அப்படியே மாறிவிட்டது. எச்சில் என்றவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கீழ் லயம் என்ற குரல் "தாயே" என்றது. சீதாலெட்சுமி அம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு குனிந்து கும்பிட்டாள். விறகுக் கொட்டகை வாசலில் கற்பூரம் எரிந்தது. மூன்று நாள் எட்டிப் பார்க்காத கோமதி குழந்தையோடு மண்ணில் விழுந்து எழுந்தாள்.

தங்கமணி மெல்லிய குரலில் சொன்னாள்:

"பேசாம இருந்துடு பாப்பா. தப்பிச்சுக்குவ. கல்யாணமும் நிக்காது."

அது உண்மைதான். வாயை மூடிக்கொண்டு கொஞ்சம் தலையை ஆட்டினால் போதும். வாசலில் நின்ற தகப்பனின் கண்களும் அதையே கெஞ்சின. புஷ்பவல்லி கூப்பிய கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவளுக்கு உடம்பு நடுங்கியது. கோபத்தில் என்று அவளுக்குத் தெரியும். அவர்கள் அதையும் சாமி என்று நினைத்துக்கொண்டார்கள்.

"அம்மன் இல்ல," என்றாள் புஷ்பவல்லி.

"தாயே..."

"தாயும் இல்ல. நான் புஷ்பவல்லி. நல்ல புத்தியோடதான் இருக்கேன். இது தங்கமணியக்கா. நான் படுத்தப்ப எனக்குச் சோறு ஊட்டினவங்க. என்கிட்டேருந்துதான் இவங்களுக்கு வந்துச்சு. எங்க அப்பாவும் அம்மாவும் கஞ்சி கொடுக்காம, தாழ்ப்பாள் போட்டு அடைச்சு வச்சிருக்காங்க. கும்பிடுறதுன்னா மொதல்ல யாராவது கொஞ்சம் தண்ணி கொண்டு வாங்க."

யாரும் அசையவில்லை. பிறகு கூப்பிய கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. சீதாலெட்சுமி அம்மாள் போர்த்திய முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். பெண்கள் தங்கள் வாளிகளைத் தேடிக்கொண்டு முன்வாசலுக்குத் திரும்பினார்கள். அண்டாவில் இருந்த கூழை அன்று அந்தத் தெருவில் ஒருவரும் வாங்கவில்லை.

தண்ணீர் கொண்டு வந்தவள் வீரம்மாதான். குழாயடியிலிருந்து ஒரு வாளி நிறையக் கொண்டுவந்து கோமதியின் கண்ணெதிரில் வைத்தாள். "நாளையிலேருந்து நான் வரல," என்று, யாரும் விரட்டுமுன் தானே சொன்னாள்.

சபாபதி மகள் கையைப் பிடித்து இழுத்தார். "வாடி உள்ள!"

"அக்காவும் வந்தா வரேன். இல்லாட்டி இங்கேயேதான் இருப்பேன். தாழ்ப்பாள் போடுறதுன்னா எங்க ரெண்டு பேருக்கும் சேத்துப் போடுங்க. அதிகாரி வந்தா நான் எல்லாத்தையும் சொல்றேன்."

அவர் கை தானாக விட்டது.

அன்று மத்தியானம் புஷ்பவல்லி தங்கமணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு போய்ச் சமையலறையிலேயே பாய் விரித்துப் படுக்க வைத்தாள். அடுப்பு மூட்டி நொய்க்கஞ்சி வைத்தாள். வைத்துப் பழக்கமில்லாததால் அடிபிடித்துவிட்டது. இரண்டு பேரும் அதைத்தான் குடித்தார்கள்.

அதன்பின் கோமதி அந்தச் சமையலறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. தீட்டுப்பட்ட அடுப்பு என்று சொல்லி, சபாபதி முன்தாழ்வாரத்தில் தகரம் வேய்ந்து புது அடுப்புப் போட்டுக் கொடுத்தார். மழை பெய்தால் சாரல் அடிக்கும். குடையைப் பிடித்துக்கொண்டு கோமதி அங்கே சமைத்தாள். ஒரு வாய்க் கஞ்சிக்கு அடுப்பில்லாமல் கிடந்தவளுக்கு இப்படி ஒரு சமையலறை முழுசாகக் கிடைத்தது. கொப்புளங்கள் வற்றிப் பொருக்கு உதிர்ந்து அவள் மறுபடி பயிற்சிப் பள்ளிக்குப் போகும்வரை இரண்டு பெண்களும் அதில்தான் சமைத்துச் சாப்பிட்டார்கள். தங்கமணியின் முகத்தில் ஏழெட்டுத் தழும்புகள் தங்கிவிட்டன. அவள் கையைப் பிடித்துக்கொள்ள அந்த மூன்று நாளும் ஆளில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கிள்ளானிலிருந்து கடிதம் வந்தது. சம்பந்தம் வேண்டாம் என்று சீதாலெட்சுமி அம்மாள் எழுதச் சொல்லியிருந்தாள். படித்துவிட்டுச் சபாபதி அதை மகள் முன்னால் எறிந்தார். புஷ்பவல்லி எடுத்து, தங்கமணிக்கும் கேட்கும்படி வாசித்தாள்:

"பெண்ணின் மேல் அம்மன் வந்து அந்தச் சாதிக்காரியோடு உண்டிருந்தால் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. பாக்கியமென்றே ஏற்றுக்கொண்டிருப்போம். நல்ல புத்தியோடு செய்ததாகப் பெண்ணே பலர் முன்னிலையில் சொல்லிவிட்டபடியால், அவள் எங்கள் குடும்பத்துக்கு ஆகமாட்டாள்."

தங்கமணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னாலதானே பாப்பா..."

"இல்லக்கா," என்றாள் புஷ்பவல்லி. "சரியாத்தான் எழுதியிருக்காங்க. புத்தியோடதான் செஞ்சேன்."

சுளகை எடுத்து இரண்டு பேருக்குமான அரிசியைப் புடைக்கத் தொடங்கினாள்.