தொண்டைக்குள் ஒரு திராட்சைப் பந்தல்

பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரே தொண்டையில் இரண்டு குரல் வைத்திருந்த பெண்ணின் கதை சொல்கிறேன். கேட்டு முடிக்கையில் உங்களுக்கும் நெஞ்சு நிமிரும்.

சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டக்காரர் ஞானதுரையின் மகள் ஜெசி. பாண்டிச்சேரியில் டீச்சர் வேலை பார்த்தவள், அங்கே ஒரு வெளிநாட்டுக்காரரிடம் இந்த இரட்டைக்குரல் பாட்டைக் கற்றாள். தம்பூராவை மீட்டிக்கொண்டு அடிக்குரலில் ஒரு சுரத்தைப் பிடிப்பாள். நாக்கை மெல்ல நகர்த்த, அதன் மேலேயே இன்னொரு சுரம் விசில் போலச் சன்னமாகக் கிளம்பும். வார்த்தை கிடையாது, தாளம் கிடையாது. கேட்டால் மனசு அடங்கும்.

வேலையை விட்டுவிட்டு இனி இதுதான் என்று 2006 பங்குனியில் வந்து நின்றாள். வார்த்தையில்லாதது என்ன பாட்டு என்றார் அப்பா. கடைசியில் ஒரு முடிவு சொன்னார்: ஞாயிற்றுப் பூசை முடிந்ததும் மாதா கோயில் மண்டபத்தில் பாடு, ஊர் உட்கார்ந்து கேட்டால் எனக்குச் சம்மதம், எழுந்து போனால் நீ டீச்சர் வேலைக்குத் திரும்பு. ஜெசியும் ஒத்துக்கொண்டாள்.

நானும் போயிருந்தேன். வந்தவர்களில் பாதிப்பேர் தோட்டக்காரர்கள். பந்தல்களில் குலை கனத்துத் தொங்கும் நேரம் அது. ஜெசி கண்ணை மூடிக்கொண்டாள். கீழ்க்குரல் நிலைத்தது. மேல்குரல் ஊசி போல ஏறியது.

பக்கத்துத் தோட்டக்காரர் கருத்தக்கண்ணன் சட்டென்று எழுந்தார். அவர் பின்னாலேயே ஆண்கள் செருப்பைக்கூடப் போடாமல் வெளியே ஓடினார்கள். ஞானதுரையும் ஓடினார். ஜெசி கண்ணைத் திறந்தபோது பாதி மண்டபம் காலி. தம்பூராவை மடியில் சாய்த்துத் தலை குனிந்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக அசட்டுச் சிரிப்போடு திரும்பினார்கள். வெளியே ஒரு இலை அசையவில்லையாம். காற்று பலமாக இறங்கினால் பந்தல் கம்பி ஜெசியின் மேல்குரல் மாதிரியேதான் கூவும். உடனே போய் முட்டுக் கொடுக்காவிட்டால் பந்தல் கல்தூணோடு சாய்ந்துவிடும். அந்தப் பயத்தில்தான் ஓடியிருக்கிறார்கள்.

"ஏய்யா ஞானதொர, ஒம் மக தொண்டைக்குள்ள பந்தலு போட்டிருக்காளா?" என்றார் கருத்தக்கண்ணன். மண்டபமே சிரித்தது.

ஞானதுரை சிரிக்கவில்லை. மகள் முன்னால் போய் நின்றார்.

"பொறந்ததுலருந்து கேக்குற கம்பிச் சத்தம், ஆத்தா. என்னையவே ஓட வச்சுட்டியே. விட்ட எடத்துலருந்து பாடு. இனி ஒருத்தரும் எந்திரிக்க மாட்டாக."

முதல் வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவள் பாடி முடிக்கும்வரை ஊர் அசையவில்லை. மறுநாள் டீக்கடையில் மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாரோ கேட்டதற்கு, "பாடுறா" என்று மட்டும் சொல்லிவிட்டு நிமிர்ந்து நடந்தார்.

உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் கொண்டுவருவது எதுவானாலும் அதைக் காது கொடுத்துக் கேட்கிறவர்கள் இருக்கட்டும். அடுப்பு அணையாமல், சிரிப்பு குறையாமல் எல்லோரும் நன்றாக இருங்கள்.