செபமாலைக்கு நடுவே ஐந்தாவது பாட்டு

1

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்: நான் எழுத உட்கார்ந்தது ட்ரம் அண்ட் பேஸ் என்கிற வேக இசையில் வந்த ஓர் அல்பத்துக்கு மதிப்புரை. வாசித்துப் பார்த்த நண்பன் சுகந்தன், "நல்லாத்தான் இருக்கு. ஆனா மன்னாரில இதை ஆர் மச்சான் கேக்கிறது?" என்றான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் கேட்கிறேனே, நான் எந்த ஊராம்?

அடுத்த நாள் அடம்பனிலிருந்து மன்னாருக்கு பஸ்ஸில் வரும்போது, முன் சீற்றில் கறுப்புச் சட்டை போட்ட ஒரு பெண் காதில் எதையோ செருகிக்கொண்டு தலையாட்டியபடி இருந்தாள். என் காதில் ஓடிய பாட்டின் அதே வேகம். (பாதையிலிருந்த பள்ளங்களாகவும் இருக்கலாம்.) பாலம் தாண்டியதும் அவள் இறங்கிப் போய்விட்டாள். நான் மதிப்புரையைக் கிழித்துப் போட்டுவிட்டு, அவளுக்கு அனுஜா என்று பெயர் வைத்து ஒரு கதை தொடங்கினேன்.

அல்பத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் என்னை நடுத்தெருவில் விட்டுவிட்டு அதைக் கேட்கப் போய்விடுவீர்கள்.

2

பள்ளிமுனைக் கடலில் அன்று அலைகள் — (வேண்டாம். கடலில் தொடங்கினால் நானே வாசிக்கமாட்டேன்.)

அனுஜா பிறந்தது தமிழ்நாட்டில் ஓர் அகதி முகாமில். அங்கே — (உண்மைதான். ஆனால் அது வேறு கதை.)

சரி, இப்படி. பள்ளிமுனை அனுஜாவின் அப்பா வின்சன்ட் நெஞ்சுவலியில் காலமாகிவிட்டார். முப்பத்தோராம் நாள் பூசை முடியும்வரை அந்த வீட்டில் ரீவி இல்லை, பாட்டு இல்லை. அனுஜா இன்னும் அழவில்லை. பெட்டியை மூடும்போதும் அழவில்லை, மண் போடும்போதும் அழவில்லை. அம்மா மெற்றில்டா இதைப் பார்த்துப் பார்த்துச் சாப்பாட்டையே விட்டிருந்தார். புருஷன் போன துக்கம் ஒரு பக்கம், பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டதென்ற பயம் மறுபக்கம்.

"அப்பாவோட ஏதும் கோவமோ பிள்ளை?"

"இல்லையம்மா."

"அப்ப ஏன் இப்பிடி இருக்கிறாய்?"

தனக்கே தெரியாததை அவள் எப்படிச் சொல்லுவாள்?

3

அடம்பனில் அவள் வேலை செய்யும் போன் கடையில் கூட நிற்கும் கீர்த்திகாதான் அந்த அல்பத்தை அனுப்பினாள். "விசர்ப் பாட்டு, பைத்தியம் பிடிச்சமாதிரி ஓடும், கேட்டுப் பார்" என்று மட்டும் சொன்னாள்.

கேளுங்கள், ஐந்தாவது பாட்டு எப்படியென்று. கீழே உழவு மெசின் போகிற வேகத்தில் பேஸின் உறுமல். அதே பாதையில், மேலே, சைலன்சர் கழன்ற மோட்டார் சைக்கிளின் வேகத்தில் ட்ரம். எதனோடு வேண்டுமானாலும் நீங்கள் சேர்ந்து போகலாம். அந்த ட்ரம்மும் வழக்கமான ட்ரம் இல்லை. யாரோ குசினியில் தட்டுகளையும் மூடிகளையும் கீழே போட்ட சத்தத்தை வெட்டி வெட்டிச் செய்தது. நடுவில் ட்ரம் சட்டென்று நின்றுவிடும். பேஸ் மட்டும் தனியாக ஊரும். போய்விட்டது, இனி வராது என்று நினைக்கும்போது, வரவேண்டிய இடத்துக்கு அரை அடி முந்திக்கொண்டு வந்து விழும். முதல் தடவை அந்த இடத்தில் அனுஜா பஸ்ஸுக்குள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அப்பா போனபிறகு வந்த முதல் சிரிப்பு.

(என் முதல் வரைவில் அந்தப் பாட்டுக்குள் வின்சன்டின் குரல் இருந்தது. எப்படியோ பதிவாகி, எப்படியோ லண்டன் போய், எப்படியோ திரும்பி வந்தது. எழுதிவிட்டு நானே அழுதேன். பிறகு வெட்கமாக இருந்தது, எடுத்துவிட்டேன்.)

இந்த அல்பத்தில் அவளுடைய அப்பா எங்குமே இல்லை. வீட்டில் கதிரையைத் தொட்டால் அப்பா, அலுமாரியைத் திறந்தால் அப்பா. இதற்குள் மட்டும்தான் அவளால் மூச்சுவிட முடிந்தது.

4

இனி நடந்தது. ஒருநாள் பின்னேரம், வீட்டில் செபமாலை. வின்சன்டின் தங்கை ஜெயந்தினி செபத்தைத் தொடங்க, பெண்கள் எல்லாம் பதில் சொல்கிறார்கள். அனுஜா முக்காட்டுக்குள், ஒரு காதில் மட்டும், வயரில்லாத இயர்ஃபோனைச் செருகியிருக்கிறாள்.

"செபமாலையில ஆரும் பாட்டுக் கேப்பினமோ? உன்ர பெட்டை சரியில்லை" என்றான், இதுவரை வாசித்த சுகந்தன்.

நானும் அவளைச் சந்தேகித்தேன். இரண்டு நாள் அவளோடு கதைக்கவே இல்லை. பிறகு விளங்கியது: அவளுக்கு அந்தப் பாட்டு பிடித்திருந்தது, அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை என்றுதான் போட்டாள்.

ட்ரம் நின்றது. அனுஜா குனிந்தாள். வாய் பழக்கத்தில் செபத்தை முணுமுணுக்க, உடம்பு முழுதும் காத்திருந்தது. ட்ரம் விழுந்தது. தோள்கள் அவளைக் கேட்காமலே குலுங்கின.

ஜெயந்தினி செபத்தை நிறுத்திவிட்டுப் பாய்ந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டார். "அழு பிள்ளை, வாய்விட்டு அழு. மாமி இருக்கிறன்."

பெண்கள் எல்லாம் சேர்ந்து அழுதார்கள். மெற்றில்டா ஓடிவந்து மகளின் முகத்தைத் தன் நெஞ்சோடு அழுத்திக்கொண்டார். "என்ர மாதாவே, பிள்ளை அழுதிட்டாள்." அந்த நெஞ்சுக்கும் அனுஜாவின் காதுக்கும் நடுவில் பேஸ் ஊர்ந்துகொண்டே இருந்தது.

5

செபம் முடிந்து எல்லோரும் போன பிறகு, மெற்றில்டா தானாகவே கோப்பையை எடுத்து, சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"இன்னும் கொஞ்சம் சொதி விடு பிள்ளை."

அனுஜா விட்டாள். அம்மா ஆசையாகப் பிசைந்து சாப்பிடுவதைப் பார்க்க அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. அப்போதுதான் மெற்றில்டா நிமிர்ந்து கேட்டார்:

"அப்பாவை நினைச்சனியோ?"

முடிவு ஒன்று: "ஓம்" என்கிறாள். (எழுதி அழித்தேன். இனி அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் கூசுவாள். ஒரு பிள்ளையிடமிருந்து அதையும் பறிக்க எனக்கு மனமில்லை.)

முடிவு இரண்டு: உள்ளதைச் சொல்கிறாள். மெற்றில்டா கையை உதறிவிட்டு — (முடியவில்லை. அந்தச் சோற்றை அந்த அம்மாவிடமிருந்து என்னால் பிடுங்க முடியாது.)

முடிவு மூன்று: அம்மாவின் காதில் இயர்ஃபோனை வைக்கிறாள், அம்மா சிரிக்கிறார். ("என்ன, விளம்பரமோ?" என்றான் சுகந்தன். அவன் சொன்னது சரி.)

உண்மையில் எனக்கு ஒன்று தெரியவில்லை. ட்ரம் நின்று, இனி வராது என்று அவள் குனிந்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில், அவள் யாருக்காகக் காத்திருந்தாள்? எழுதும்போது நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

நீங்கள் கேளுங்கள். அவள் உங்களைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், கையில் சொதிச் சட்டியோடு. யோசித்து, அம்மாவிடம் சொல்ல அவளுக்கு ஒரு பதில் சொல்லிக் கொடுங்கள். ஆனால் கெதியாக. மெற்றில்டாவின் கோப்பையில் இன்னும் இரண்டு வாய்ச் சோறுதான் இருக்கிறது.