பதினைந்து சதவீதக் கால்

என் வீட்டுக்காரர் ஜெரோமுக்கு ராணுவம் போட்ட மார்க் பதினைந்து. பனிமலை முகாமில் அரிசி மூட்டையோடு சறுக்கி விழுந்து நொறுங்கிய வலது முட்டிக்கு, பணியிலிருந்து அனுப்பும்போது மெடிக்கல் போர்டு எழுதிய ஊனச் சதவீதம் அது. இருபது இருந்தால்தான் ஊனப் பென்ஷன் உண்டு.

டாக்டர்கள்மேல் பழி போட மாட்டேன். போர்டின் பெரிய டாக்டரான கர்னல் உள்ளே வந்ததும் இந்த மனுஷன் விறைப்பாக எழுந்து சல்யூட் அடித்திருக்கிறார். வலிக்கிறதா என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்று இந்தியில் சொல்லியிருக்கிறார். பதினேழு வருஷப் பழக்கம். வீட்டிலோ கக்கூஸிலிருந்து எழுந்திருக்க என் தோள் வேண்டும்.

நான்தான் அப்பீல் எழுதிப் போட்டேன். எட்டு மாசம் கழித்து மறுபடி போர்டுக்குக் கூப்பிட்டார்கள். நான் வேலை பார்க்கும் சிறுசேரி கேன்டீனில் லீவு சொல்லிவிட்டு நானும் கூடப் போனேன். செங்கல்பட்டில் ரயில் ஏறியதிலிருந்து பாடம் நடத்தினேன்.

"யாரு வந்தாலும் எழுந்துக்காத. இன்னா கேட்டாலும் வலிக்குதுன்னு சொல்லு. அழுத புள்ளதான் பால் குடிக்கும்."

"பொய் சொல்லச் சொல்றியா ஜாய்ஸு?"

"அப்போ வலிக்கலியா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

துணைக்கு என்று என்னையும் உள்ளே விட்டார்கள். கர்னல் வந்தார். ஜெரோம் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். முகம் காதுவரை சிவந்துவிட்டது. "மன்னிக்கணும் சாப், எழுந்திருக்க முடியல" என்று இந்தியில் சொன்னார். கர்னல் குனிந்து முட்டியைத் தானே மடக்கிப் பார்த்தார். பாதிகூட மடங்கவில்லை.

இரண்டு மாசத்தில் கடிதம் வந்தது. வாசலிலேயே பிரித்துப் படித்தேன். முப்பது சதவீதம், ஆயுள் முழுவதும்.

"ஜெயிச்சிட்டோம்யா!" என்று கத்தினேன்.

அவர் வாங்கி மெதுவாகப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

"ஆயுசுக்குமா?"

"ஆமாய்யா. இனிமே எந்த போர்டுக்கும் போவத் தேவயில்ல."

"அப்போ முட்டி இனிமே சரியாவாதுன்னு எழுதிக்கீறாங்க."

இத்தனை நாளும் அது சரியாகிவிடும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. அந்தக் காகிதத்தை அவர் கையிலிருந்து பிடுங்கிவிட வேண்டும்போல் இருந்தது.