பச்சைப் புள்ளி

“ஒண்ணுன்னா வேலை சுத்தமா பிடிக்கலை. அஞ்சுன்னா ஆனந்தத் தாண்டவம். நீங்க எந்த நம்பர், சாமியாரே?”

“மூணு.”

“போன வருஷமும் மூணு. அதுக்கு முந்தின வருஷமும் மூணு. கேள்வியையாவது படிச்சீங்களா?”

“நீ எத்தனை போட்டே?”

“அஞ்சு. நாலு போட்டா, ஒண்ணு ஏன் குறையுதுன்னு கூப்பிட்டுக் கேப்பாங்க. அதுக்கு ஒரு மீட்டிங், மீட்டிங்ல நமுத்துப்போன பிஸ்கட். எதுக்கு வம்பு?”

இப்படிப் பேசிக்கொண்டிருந்தவனுக்கு அந்தப் பரிசோதனைக் கூடத்தில் ரேடியோ என்று பேர். நிறுத்துகிற பொத்தான் எங்கே இருக்கிறது என்று இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. பதில் சொன்னவர் சாமியார். காவியும் கிடையாது, தாடியும் கிடையாது. ஐம்பத்து மூன்று வயது, மனைவி உண்டு, இரண்டு பெண்கள் உண்டு. நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் புதைத்துக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதால் வந்த பட்டம் அது. நிர்வாகம் ஆண்டுதோறும் அனுப்பும் ‘பணித் திருப்திப் படிவம்’ இரண்டு பேர் மேசையிலும் கிடந்தது. ஜன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டிய அறை. சாய வாடை, ஸ்பிரிட் வாடை, ரேடியோவின் தேநீர் வாடை.

அவர்கள் வேலை சுலபமாகச் சொல்லிவிடக் கூடியது. பெண்களின் கருப்பை வாயிலிருந்து வழித்தெடுத்த செல்களைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி அனுப்புவார்கள். அதில் புற்றுநோயின் சாயல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தில் ஒன்றும் இருக்காது. மிச்சம் ஐந்துக்காகத்தான் இந்த நாற்காலி, இந்த விளக்கு, இந்தக் கழுத்து வலி. சந்தேகப்படும்படி ஒரு செல் கண்ணில் பட்டால், கண்ணாடியின் மேல் அதன் பக்கத்திலேயே பச்சைப் பேனாவால் ஒரு புள்ளி வைப்பார்கள். மாடியிலிருக்கும் டாக்டர் தேடிக்கொண்டிருக்காமல் நேரே அந்த இடத்துக்குப் போய்விடலாம்.

ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒரு படிவம் உண்டு. பார்த்து முடித்த பிறகு படிவத்தில் முத்திரை குத்த வேண்டும் என்பது விதி. ஆனால் இந்த அறையில் வேறு வழக்கம். காலையில் தேநீர் குடித்துக்கொண்டே அன்றைய கட்டு முழுவதற்கும் ‘இயல்பு நிலை’ என்று ரேடியோ குத்தித் தள்ளிவிடுவான். கெட்டது ஏதாவது அகப்பட்டால் அந்தப் படிவத்தை மட்டும் எடுத்து அடித்துத் திருத்திக்கொள்வார்கள். தினமும் அரை மணி மிச்சம். “பிள்ளை பெறும் முன்னாடியே பேர் வைக்கறோம்,” என்று ஆரம்பத்தில் சாமியார் முணுமுணுத்ததுண்டு. “பெரும்பாலும் அதே பேர்தானே வைக்கப் போறோம்,” என்றான் ரேடியோ. அதோடு சரி. மாடியில் இருப்பவர்களுக்கு இது தெரியாது.

பத்தேகாலுக்குப் பதிவறையிலிருந்து ஒரு சீட்டு வந்தது. ஐந்து வருடத்துக்கு முந்தைய ஒரு கண்ணாடியைத் தேடி எடுத்து இன்றே தர வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுவதற்காக நோயாளியே கேட்டிருக்கிறார். சீட்டோடு இரண்டு நகல்கள். ஒன்று பழைய படிவம்: ‘இயல்பு நிலை. அடுத்த பரிசோதனை ஐந்து ஆண்டுகள் கழித்து.’ அதன் கீழே சாமியாரின் இனிஷியல், வாலைச் சுருட்டிப் படுத்த நாய்க்குட்டி மாதிரி. மற்றது மூன்று மாதத்துக்கு முந்தைய அறிக்கை. அதில் ‘முற்றிய நிலை’ என்று இருந்தது.

“யானைக்கும் அடி சறுக்கும்,” என்றான் ரேடியோ, எட்டிப் பார்த்துவிட்டு. “லட்சக்கணக்குல பார்த்திருக்கோம். ஒண்ணு ரெண்டு கண்ணுக்குத் தப்பத்தான் செய்யும். அதுக்குன்னு தலையைச் சுவத்துல முட்டிக்க முடியுமா?”

சாமியார் பழைய படிவத்தின் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளறைக்குப் போய், இரும்பு அலமாரியில் இழுப்பறை இழுப்பறையாகத் தேடி, அந்தக் கண்ணாடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி.

மேசைக்கு வந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். புள்ளியின் பக்கத்தில், வெளிறிய இளஞ்சிவப்புச் செல்களுக்கு நடுவே, ஏழெட்டுச் செல்கள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. உட்கரு கறுத்து, ஊதி, விளிம்பு கோணி. கற்றுக்கொண்டு ஒரு வாரமான ஆளுக்கும் தெரிந்திருக்கும். அவருக்கும் தெரிந்திருக்கிறது. பார்க்கத் தவறியவன் வேறு, பார்த்த பிறகு தவறவிட்டவன் வேறு.

அந்தத் தேதி அவருக்கு மறக்கவில்லை. சிலர் கலியாண நாளை வைத்திருப்பதுபோல அந்த நாளை அவர் மனசுக்குள் வைத்திருந்தார்.

இருபத்திரண்டு வயதில் அவருக்கு ஒரே வாரத்தில் இரண்டு வேலை உத்தரவுகள் வந்தன. ஒன்று பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், இன்னொன்று இந்தக் கூடம். வாத்தியார் பயிற்சிக்காக ஒரு மாதம் பள்ளிக்கூடம் போயிருந்தார். பின்னம் புரியாமல் விழித்த ஒரு வகுப்புக்கு ஒருநாள் திடீரென்று எல்லாம் புரிந்துவிட, வீடுவரைக்கும் தனக்குத்தானே பேசிச் சிரித்துக்கொண்டே நடந்து வந்தார். மறுநாள் ஒரு சிறுமியின் நோட்டில் சிவப்பு மையால் தப்பு போட்டார். அந்தப் பெண் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கண் நிரம்பிக்கொண்டு வந்தது. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. முகத்தைப் பார்த்துத் தப்பு சொல்லுகிற பிழைப்பு தனக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டிவிட்டார். “கண்ணாடி அழாதுப்பா,” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தார்.

அழாத கண்ணாடி சிரிக்கவும் செய்யாது என்று புரியப் பத்து வருடம் பிடித்தது. புரிந்தபோது இரண்டு குழந்தைகள், மூக்குக் கண்ணாடியின் பவர், முதுகு வலிக்கு ஒரு பட்டை என்று எல்லாம் ஏறிப்போயிருந்தது. எழுந்து போக நினைக்கும்போதெல்லாம் இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம் என்று தோன்றும். ஒரு வருடம், ஒரு வருடமாக முப்பத்தொரு வருடம்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு பிற்பகல், பையில் போன் அதிர்ந்தது. கூடப் படித்தவன். சொந்தமாக ஒரு டுடோரியல் நடத்திவந்தான். கணக்கு வாத்தியார் நின்றுவிட்டாராம். “நீ வாயேன்டா. உன்னைவிட்டா பின்னத்தை எவன் சொல்லித் தருவான்?” சாமியார் மாடிப்படித் திருப்பத்தில் நின்று இருபது நிமிடம் பேசினார். எப்படி ஆரம்பிப்பது என்றுகூட யோசித்துவிட்டார்: பலகையைத் தொடக்கூடாது, முதல் நாள் எல்லோர் கையிலும் ஒரு காகிதத்தைக் கொடுத்து நாலாக மடிக்கச் சொல்ல வேண்டும். அவர் திரும்பி வந்தபோது, “என்ன, லாட்டரியா? மூஞ்சி ஜொலிக்குது,” என்று ரேடியோ கேட்டான். மைக்ராஸ்கோப்பின் விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது. அதிலிருந்த கண்ணாடியை எடுத்து, முடிந்தவற்றோடு வைத்து, அடுத்ததை எடுத்தார். போன் வருவதற்கு முன்பே புள்ளி வைத்திருந்தார். படிவத்தை அடித்துத் திருத்த மட்டும் மறந்துவிட்டார். படிவத்தில்தான் காலையிலேயே முத்திரை விழுந்துவிட்டதே.

அந்த வேலைக்கும் அவர் போகவில்லை. “அம்பது வயசு ஆகப் போகுது, இப்ப போய் முதல்லேர்ந்தா?” என்று மனைவி கேட்டாள். மூன்றாம் நாள் அவரே போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆனாலும் இந்த முப்பத்தொரு வருடத்தில் எப்போது சந்தோஷமாக இருந்தாய் என்று யாராவது கேட்டால், அவரிடம் இருந்த பதில் அந்த இருபது நிமிடம்தான். இத்தனை நாளும் அதை ஒரு சேமிப்பு மாதிரி எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தோளுக்குப் பின்னால் நின்ற ரேடியோ புள்ளியைப் பார்த்துவிட்டான். போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

“சாமியாரே, பஞ்சுல ஸ்பிரிட்டைத் தொட்டு ஒரு இழுப்பு. அவ்வளவுதான். கண்ணுக்குத் தப்பிடுச்சுன்னா மன்னிப்பாங்க. ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும், ஃபைல்ல போய்த் தூங்கும். புள்ளி இருந்தா கதை வேற. புள்ளி வெச்ச கை எப்படி இயல்புன்னு குத்துச்சுன்னு கேப்பாங்க. காலையிலயே குத்திட்டோம்னு சொல்லுவீங்களா? ரெண்டு பேர் பொழைப்புலயும் மண்ணுதான். அப்புறம் அத்தனை வருஷத்து அலமாரியையும் திறந்து தோண்டுவாங்க.”

“தோண்டினா?”

ரேடியோ உள்ளறைப் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டான்.

“இன்னும் எத்தனை புள்ளி இருக்கோ, யார் கண்டா. எதுக்கு அதெல்லாம். அழிங்க.”

சாமியார் பஞ்சை எடுத்தார். ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்தார். விரல் நுனி சில்லென்றது. அந்த நேரம் பார்த்து இன்டர்காம் அடித்தது. ரேடியோ எடுத்தான். கீழே வரவேற்பில் இருக்கும் பெண்ணின் குரல் அறை முழுவதும் கேட்டது: “அந்த ஸ்லைடு கேட்டாங்க இல்ல, அந்தம்மாவே வந்திருக்காங்க. உக்காருங்கன்னா உக்கார மாட்டேங்கறாங்க. மேலே வந்துட்டிருக்காங்க. நான் சொல்லிப் பார்த்துட்டேன்.”

போனை வைப்பதற்குள் கதவு தட்டுகிற சத்தம்.

நாற்பது வயதிருக்கும். தலையைச் சுற்றி ஒரு துணி. புருவம் உதிர்ந்திருந்தது. படி ஏறிய மூச்சு அடங்குகிறவரைக்கும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல், தோளில் வெறும் துணிப்பை.

“சீட்டு குடுத்திருந்தேன்.”

“உக்காருங்கம்மா,” என்றான் ரேடியோ, நாற்காலியை இழுத்துப் போட்டு. “இங்கே வெளியாட்கள் வரக்கூடாது, ஆனாலும் பரவாயில்லை. பத்து நிமிஷம். பெட்டியில போட்டுக் குடுத்துடறோம்.”

“பெட்டியா? எவ்வளவு பெரிசு இருக்கும் தம்பி? நான் பையெல்லாம் கொண்டுவந்தேன்.”

“விரல் அளவுதாம்மா.”

“அவ்வளவுதானா.” பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் சாமியாரைப் பார்த்து, “சார்தான் பார்க்கறவரா?” என்றார்.

சாமியார் தலையசைத்தார். மைக்ராஸ்கோப்புக்கும் அந்த அம்மாளுக்கும் நடுவில் தன் முதுகை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். நனைந்த பஞ்சு கைக்குள் இருந்தது.

“அஞ்சு வருஷம் கழிச்சு வந்தா போதும்னு போட்டிருந்துச்சு சார். நான் சொன்ன பேச்சு கேக்கற ஆளு. நாலரை வருஷத்துலயே ரத்தம் பட ஆரம்பிச்சுது. இன்னும் ஆறு மாசம் இருக்கேன்னு இருந்துட்டேன். என் தங்கச்சி திட்டறா. அந்தக் காகிதத்தைப் பீரோவுல பத்திரமா வேற வெச்சிருந்தேன், பரீட்சையில பாஸ் பண்ணின மாதிரி.” லேசாகச் சிரித்தார். “உங்களுக்கு இது பிடிச்ச வேலையா சார்?”

“முப்பத்தொரு வருஷமா பார்க்கறேன்.”

“அதைக் கேக்கலையே நான்.”

ரேடியோ எங்கோ பார்த்தான். மேசையில் கிடந்த படிவத்தில் மூன்றைச் சுற்றிப் போட்ட வட்டத்தின் மை இன்னும் பளபளத்தது.

“எனக்கு என் வேலை ரொம்பப் பிடிக்கும்,” என்றார் அந்த அம்மாள். “சட்டைக் கம்பெனியில செக்கிங். ஒரு நாளைக்கு நானூறு சட்டை. எங்கேயாவது தையல் விட்டிருந்தா அதைப் பார்த்த மாதிரி சின்னதா ஒரு அம்பு ஸ்டிக்கர் ஒட்டணும். ஒட்டின சட்டை ஒண்ணுகூட நல்லதோட கலந்து போனது இல்லை, பதினாறு வருஷத்துல. யார் யாரோ எங்கெங்கேயோ போட்டுக்கறாங்க, எல்லாம் என் கையைத் தாண்டித்தானே போச்சுன்னு பஸ்ல போறப்பகூட ஆளுங்க காலரைப் பார்ப்பேன். இப்ப கை நடுங்குது. மருந்து ஏத்தினதுல நூல் கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது. அந்த மேசையில வேற பொண்ணை உக்கார வெச்சுட்டாங்க. நல்ல பொண்ணுதான். ஆனா அவசரக்காரி.”

சாமியாருக்கு, நோட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்த அந்தச் சிறுமியின் கண் நினைவுக்கு வந்தது. இந்த முகத்தில் கண்ணீர் இல்லை. அதுதான் தாங்கவில்லை. இவருக்குப் புள்ளி என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு பார்வை போதும்.

ரேடியோ கண்ணால் ஜாடை காட்டினான்: நான் பேச்சுக் குடுக்கறேன், நீங்க முடிங்க. “டீ சாப்பிடறீங்களாம்மா?” என்று ஆரம்பித்தான்.

“வேண்டாம் தம்பி, நாக்குல எதுவும் நிக்க மாட்டேங்குது.”

சாமியார் கைவிரல்களைத் திறந்து பார்த்தார். பஞ்சு காய்ந்துவிட்டிருந்தது. ஸ்பிரிட் புட்டி மேசையின் மறுகோடியில், அந்த அம்மாளின் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

அந்த அம்மாள் எழுந்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்து, மேசையின் விளிம்பைப் பிடித்து, ஒவ்வொரு அடியாக வைத்துக் கிட்டே வந்தார். சாமியாரின் தோளுக்கு அப்பால் மைக்ராஸ்கோப்பின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“டாக்டருங்க எல்லாரும் படம் வரைஞ்சுதான் காட்டறாங்க,” என்றார். “என்னோடதை நான் இதுவரைக்கும் பார்த்ததே இல்லை. அங்கே வெச்சிருக்கறது என்னோடதுதானே? கொஞ்சம் நகர்ந்து, ஒரே ஒரு தடவை எனக்குக் காட்டுங்க சார்.”