கல்லில் எழுதியிருந்த ஊர்

பெனடிக்ற் தன் சொக்சைக் கழற்றி மனைவி பெர்னடெற்றின் மடியில் போட்டான்.

"உம்மடது ஈரம். இதைப் போடும்."

"இந்த மணத்துக்கே லண்டன்காரன் என்னைத் திருப்பி அனுப்பிப்போடுவான்."

சிரித்துக்கொண்டே அவளுடைய ஈரச் சொக்சைத் தன் காலில் மாட்டினான். பிரான்சில் ஏதோ ஒரு நாட்டுப்புறச் சந்தி. 1990 நவம்பர். பழைய கல் சிலுவையின் படியில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். முன்பக்கம் இயேசு, பின்பக்கம் மாதா, கல்லிலேயே செதுக்கியிருந்தார்கள். லண்டனுக்குக் களவாக ஆள் ஏற்றும் வான் வண்டியில் பெட்டிகளுக்கு நடுவே ஒருவர் படுக்கத்தான் இடமிருந்தது. மற்றவரை மறுநாள் ஏற்றுவதாகவும், சிலுவையை விட்டு அசையக் கூடாதென்றும் சாரதி சொன்னான். பெனடிக்ற் அவளை முதலில் அனுப்பினான்.

லண்டனில் மிச்சம் என்ற இடத்திலிருந்த மச்சாள் றோஸ்மலரின் வீட்டுக்கு அவள் வந்து சேர்ந்த மறுநாள் காலை பாரிசிலிருந்து, இவர்களை அனுப்பிய ஏஜென்சிக்காரன் பாலேந்திரா போன் எடுத்தான். திரும்பிப் போன சாரதி பிடிபட்டுவிட்டான். அவனைக் கேட்க வழியில்லை.

"வேற ஆளை அனுப்பிறன். இடத்தின்ர பேர் என்ன, தங்கச்சி?"

மூடிய வானுக்குள் வந்தவளுக்கு எந்தப் பாதையும் தெரியாது. ஆனால் ஊரில் சிலுவை நட்ட குருசடிகளில் இடத்தின் பெயரை எழுதியிருப்பார்கள். இந்தச் சிலுவையின் அடியிலும் பெரிய எழுத்தில் ஒரு சொல் இருந்தது. மற்ற வரிகள் தேய்ந்துபோயிருந்தன.

"பி, ஏ, எஸ், எஸ், ஏ, என், ரீ."

"கெட்டிக்காரி," என்றான் பாலேந்திரா.

போன் நம்பர் எழுதிய துண்டும் அவளிடந்தான் இருந்தது. பெனடிக்ற்றிடம் ஒன்றுமில்லை. தொலைக்காட்சியில் பிரான்சின் படம் வெள்ளையாகக் கிடந்தது, பனி கொட்டுகிறதாம். அந்த ஈரச் சொக்சை நினைத்தபோது அவளுக்குக் கால் விறைத்தது. பொலிசுக்குச் சொன்னால் பிடித்துக் கொழும்புக்கு அனுப்புவார்கள். சொல்லாவிட்டால்? போன் அடித்தால் கேட்கவேண்டுமென்று குளிக்கும்போதும் கதவைத் திறந்தே வைத்தாள்.

"முறைச்சுப் பார்த்தால் போன் பயந்துபோய் அடிக்காது. சாப்பிடடி," என்றாள் றோஸ்மலர். றோஸ்மலருடைய சாப்பாடும் தட்டில் அப்படியே கிடந்தது.

மூன்றாம் நாள் போன் அடித்தது.

"தங்கச்சி, அப்பிடி ஒரு ஊர் இல்லை. பாண்கடை மனிசியிட்டக் கேட்டனான். 'வழியால போறவனே' எண்டு அர்த்தமாம். நிண்டு கும்பிட்டுப் போ எண்டு எழுதுறவையாம்."

"அப்ப அது எந்தக் குருசு?"

"இஞ்ச சந்திக்குச் சந்தி குருசு."

 றோஸ்மலர் ரிசீவரை வாங்கி வைத்துவிட்டு, அவளைக் கேளாமலே பொலிசுக்கு அடித்தாள். பிரெஞ்சுப் பொலிஸ் தேடியது. ஆளும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை.

1997 கோடையில், பயணப் பத்திரம் கிடைத்ததும் அவளே பிரான்சுக்குப் போனாள். பதினொரு சிலுவைகளைப் பார்த்தாள். நான்கில் அதே சொல் இருந்தது. அவற்றில் இரண்டின் பின்பக்கம் மாதா நின்றாள். அந்த இரண்டில் எது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கவுன்சில் படிவம் வரும்போதெல்லாம் 'திருமணமானவர்' என்ற கட்டத்தில்தான் இன்றும் புள்ளடி போடுகிறாள்.